ஏஓசி எங்கே இருக்கிறது?

இன்ஜினியரிங் காலேஜ் சிம்போசியம் பார்க்காதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம். வருடத்துக்கு ஒரு நாள் டிபார்ட்மென்ட் முழுக்க கலர் பேப்பர் ஒட்டி, பக்கத்து ஊர் காலேஜ்களுக்கெல்லாம் போஸ்டர் அனுப்பி, பேப்பர் பிரசன்டேஷன், க்விஸ், டீபக்கிங் என்று போட்டிகள் நடத்துவார்கள். வருகிறவர்களுக்கு ஒரு ஃபைல், ஒரு பேனா, மதியம் வெஜ் பிரியாணி, போகும்போது சர்டிஃபிகேட். இதில் எந்த காலேஜிலும் கூட்டம் அள்ளுகிற ஐட்டம் ஒன்றுதான். ட்ரெஷர் ஹன்ட். ஓடலாம், கத்தலாம், கேம்பஸ் சுற்றலாம், படித்துவிட்டு வர வேண்டியதில்லை.

ஒரு காலேஜில் (பெயர் வேண்டாம்) அந்த வருடம் ட்ரெஷர் ஹன்ட் பொறுப்பு இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவனிடம் வந்து சேர்ந்தது. வழக்கமாக மூன்றாம் வருடத்து அண்ணன்கள்தான் நடத்துவார்கள். அவர்களுக்கு ஸ்டேஜ், ஸ்பான்சர், சீஃப் கெஸ்ட் என்று ஆயிரம் தலைவலி. "நீதான் பைத்தான் எல்லாம் நல்லா போடுவியேடா, பாத்துக்கோ" என்று இவன் தலையில் கட்டிவிட்டார்கள். இவனுக்கும் உள்ளுக்குள் சந்தோஷம்தான். விடுகதை மாதிரி க்ளூ கொடுப்பதெல்லாம் பழைய மொக்கை, க்ளூவை பைனரியில் கொடுப்போம், வருகிறவர்கள் லேபில் உட்கார்ந்து ஒரு ப்ரோக்ராம் எழுதி அதை எழுத்தாக்கட்டும், அப்புறம் அந்த இடத்துக்கு ஓடட்டும் என்று முடிவு செய்தான். ஐடியா நல்ல ஐடியாதான். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

முதல் நாள் ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் உட்கார்ந்து ப்ரோக்ராம் எழுத ஆரம்பித்தான்.

கம்ப்யூட்டருக்கு எழுத்து தெரியாது, எண்தான் தெரியும் என்பது எல்லோரும் முதல் செமஸ்டரிலேயே கேட்டுவிட்டுத் தூங்கிய விஷயம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். ஆங்கிலத்தின் பெரிய ஏ 65, சின்ன ஏ 97. 1963-இல் வந்த ஆஸ்கி பட்டியலில் பெரிய எழுத்துகள் மட்டும்தான் இருந்தன, சின்ன எழுத்துகள் 1967-இல் சேர்ந்தன. அன்று கொடுத்த எண்களே இன்று வரைக்கும். பைத்தானில் எழுத்தைக் கொடுத்தால் எண்ணைத் தருவதற்கு 'ஆர்ட்' என்று ஒன்று இருக்கிறது. எண்ணைக் கொடுத்தால் எழுத்தைத் தருவது 'சிஎச்ஆர்'. எண்ணை பைனரியாக மாற்றித் தருவது 'பின்'. (டைப் செய்யும்போது இதையெல்லாம் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளவும். தமிழில் போட்டால் பைத்தான் திட்டும்.)

'பின்' தருகிற விடையின் முன்னால் '0பி' என்று ஒரு வால் ஒட்டிக்கொண்டிருக்கும். வால் முன்னால் இருக்குமா என்று கேட்காதீர்கள், இருக்கிறது. அதை வெட்டிவிட்டால் சுத்தமான ஒன்றும் பூஜ்ஜியமும். ஆக, ஒவ்வொரு எழுத்தையும் ஆர்ட் செய், பின் செய், முதல் இரண்டு குறியை வெட்டு, எல்லாவற்றையும் ஒட்டு. ஒரே வரி. திருப்பி எழுத்தாக்குவதும் ஒரே வரி: ஏழு ஏழாக நறுக்கு, ஒவ்வொரு துண்டையும் 'இன்ட்'டிடம் கொடுத்து எண்ணாக்கு, சிஎச்ஆர் செய்.

ஏன் ஏழு? அவன் சும்மா போடவில்லை, சோதித்துப் பார்த்துத்தான் போட்டான். பெரிய எழுத்து 26, சின்ன எழுத்து 26, அத்தனையையும் ஓடவிட்டுப் பார்த்தான். எல்லாமே ஏழு இலக்கம். ஒன்றுகூட ஆறோ எட்டோ இல்லை. ஆஸ்கி என்பதே ஏழு பிட் பட்டியல் என்று புத்தகத்திலும் இருக்கிறது. வேறென்ன வேண்டும்? விதிமுறைத் தாளில் 'ஒரு எழுத்துக்கு 7 இலக்கம்' என்று தடித்த எழுத்தில் அடித்தான்.

மூன்று க்ளூ. முதலாவது லைப்ரரி, இரண்டாவது கேன்டீன். ஆங்கிலத்தில் இரண்டும் ஏழு எழுத்து என்பதால் இரண்டும் 49 இலக்கம் வந்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தான், லைப்ரரி லைப்ரரியாகவும் கேன்டீன் கேன்டீனாகவும் வந்து நின்றன. மூன்றாவது 'மெயின் கேட்'. இதை மாற்றி, காப்பி செய்து, வேர்டில் ஒட்டிவிட்டான். திருப்பிப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு சரியாக வந்தால் மூன்றாவது வராதா என்ன? மணி ஒன்று ஆகியிருந்தது.

அடுத்த நாள் பதினான்கு டீம். அதில் ஒரு டீம், மூன்று மணி நேரம் பஸ்ஸில் வந்த இரண்டு பெண்கள். இறுதி ஆண்டு. வந்ததிலிருந்து அதிகம் பேசவில்லை, விதிமுறைத் தாளை இரண்டு முறை படித்தார்கள், டைப் செய்தார்கள், எழுந்து போனார்கள். முதல் க்ளூவுக்கு லைப்ரரியில் முதலில் வந்து நின்றது அவர்கள்தான். கேன்டீனிலும் அவர்கள்தான். மூன்றாவது தாளை வாங்கிக்கொண்டு லேபுக்குத் திரும்பி அதே ப்ரோக்ராமில் போட்டார்கள்.

ஸ்கிரீனில் வந்தது இது: முதலில் 'மெயின்' என்று சுத்தமாக நான்கு எழுத்து. அதன் பின்னால் பெரிய ஏ, பெரிய ஓ, பெரிய சி, சின்ன ஐ, கடைசியாக ஒரு சதவீதக்குறி.

குப்பை வந்திருந்தால் குப்பை என்று தெரிந்திருக்கும். ஆனால் 'மெயின் ஏஓசி' என்பது ஏதோ ஓர் இடத்தின் பெயர் மாதிரியே இருக்கிறதே! எந்த காலேஜிலும் இப்படி மூன்றெழுத்தில் நான்கு அறையாவது இருக்கும். அந்த சின்ன ஐ, ரோமன் எண் ஒன்றாக இருக்குமோ, முதல் மாடியோ என்று ஒருத்தி சொன்னாள். வெளியூர்க்காரர்கள், கேம்பஸ் தெரியாது. வாட்ச்மேனிடம் போய் "அண்ணே, ஏஓசி எங்க இருக்கு?" என்று கேட்டார்கள். அவர் பாவம், நல்ல மனுஷன். "ஏ.ஓ. ரூமா? அட்மின் பிளாக்குமா, நேரா போய் லெஃப்ட்டு" என்று கை காட்டிவிட்டார். அட்மின் பிளாக், மெயின் கேட்டுக்கு நேர் எதிர்ப்பக்கம். அங்கே அட்மினிஸ்ட்ரேட்டிவ் ஆபீசரின் அறைக்கு வெளியே இரண்டு பேரும் நோட்டீஸ் போர்டில் ட்ரெஷர் தேடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த கிளார்க் வந்து "இங்க என்னம்மா பண்றீங்க" என்று விரட்டும்வரை.

இதற்குள் வேறொரு டீம் ஜெயித்துவிட்டது. அவர்கள் ஜெயித்த கதை இன்னும் வேடிக்கை. 'மெயின்' என்று நான்கு எழுத்து வந்ததுமே ஒருவன் "டேய் மெயின் கேட்டுடா!" என்று கத்திக்கொண்டு ஓடிவிட்டான். மீதியை அவர்கள் படிக்கவே இல்லை. தாளில் இருந்ததை முழுசாக நம்பியவர்கள் அட்மின் பிளாக்கில் நின்றார்கள், பாதியில் எழுந்து ஓடியவர்கள் பரிசு வாங்கினார்கள்.

அந்தப் பெண்கள் லேபுக்குத் திரும்பி வந்தார்கள். மூச்சிரைத்தது. "தம்பி, இந்த க்ளூ தப்பு. 62 இலக்கம் இருக்கு. ஏழால வகுபடல" என்றாள் ஒருத்தி. அவன் தன்னிடம் இருந்த விடைத்தாளைப் பார்த்தான். மெயின் கேட் என்று இருந்தது. "மத்த டீமுக்கு வந்திருச்சே அக்கா. நீங்க கன்வெர்ட் பண்ணதுல எங்கயோ தப்பு" என்றான். அவள் தாளை நீட்டினாள். அவன் வாங்கவில்லை, பரிசளிப்புக்கு மைக் செக் நடந்துகொண்டிருந்தது. அவர்கள் பங்கேற்பு சர்டிஃபிகேட்டை வாங்கிக்கொண்டு நாலரை மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ராத்திரி லேபைச் சுத்தம் செய்யும்போது மேஜையின் மேல் அந்தத் தாள் கிடந்தது. ஏழு ஏழாக பேனாவால் கோடு போட்டு, கடைசியில் மிஞ்சிய ஆறு இலக்கத்தை வட்டமிட்டு, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அவன் உட்கார்ந்து அந்த 62-ஐயும் தன் ப்ரோக்ராமிலேயே போட்டான். ஏஓசி வந்தது.

முதலில் பிரின்டில் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தான். ஒன்பது குறி, ஏழு இலக்கம், 63 வர வேண்டும். ஒன்று குறைகிறது. எது? 'மெயின்' வரைக்கும் சரி. அதற்கப்புறம் என்ன இருக்கிறது? எழுத்தே இல்லை, இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஓர் இடைவெளி.

இடைவெளிக்கும் ஆஸ்கியில் ஓர் எண் உண்டு. 32. அகரவரிசையில் அடுக்கும்போது எல்லா எழுத்துக்கும் முன்னால் வரட்டும் என்று அதைச் சின்ன எண்ணாக வைத்தார்கள். 32-ஐ பைனரியில் எழுதினால் 100000. ஆறு இலக்கம். ஆங்கில எழுத்துகள் எல்லாம் 65-இல் தொடங்கி 122-க்குள் முடிந்துவிடுகின்றன. 64-இலிருந்து 127 வரை எந்த எண்ணுக்கும் பைனரியில் சரியாக ஏழு இலக்கம்தான். அதனால்தான் 52 எழுத்தைச் சோதித்தும் பிழை தலைகாட்டவில்லை. எழுத்துகளைத் தாண்டி ஓர் அடி எடுத்து வைத்தால் போதும்: 0 முதல் 9 வரையிலான எண்குறிகள் ஆறு இலக்கம், புள்ளியும் கமாவும் ஆறு, என்டர் தட்டினால் வருகிற புதுவரிக் குறி வெறும் நான்கு.

சரி, ஆறு வந்தது. அது ஏன் ஏஓசி ஆனது? இந்த இடத்தைப் பேனா பேப்பர் எடுத்துப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் ரசிக்கலாம் (அவன் ரசிக்கும் நிலையில் இல்லை). இடைவெளி 100000. அடுத்து வருவது ஜி, 1100111. ஏழாக நறுக்கும் கத்தி இடைவெளியின் ஆறோடு நிற்காமல், ஜி-யின் தலையில் இருக்கும் 1-ஐயும் சேர்த்து வெட்டுகிறது. 1000001. அதுதான் 65, பெரிய ஏ. ஜி என்றில்லை, எந்த எழுத்து வந்தாலும் அதன் தலையில் 1 இருக்கும், ஆகவே வரியில் முதலில் வரும் இடைவெளி பெரிய ஏ ஆகத்தான் மாறும். தலை போன ஜி, அடுத்த எழுத்தின் தலையைப் பிடுங்கிக்கொள்கிறது: 1001111, ஓ. அது அதற்கடுத்ததன் தலையை: 1000011, சி. அப்புறம் 1101001, சின்ன ஐ. கடைசி எழுத்துக்குப் பிடுங்க ஆள் இல்லை, ஆறு இலக்கத்தோடு நிற்கிறது: 100101. அது 37, சதவீதக்குறி.

இதில் பைத்தான் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதுதான் ஆத்திரம். ஆறு இலக்கத் துண்டைக் கொடுத்தாலும் 'இன்ட்' மறுபேச்சில்லாமல் வாங்கி எண்ணாக்கிக் கொடுத்துவிடும். அதன் மேல் தப்பில்லை. எண்ணுக்கு முன்னால் பூஜ்ஜியம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? எக்செல் ஷீட்டில் சென்னையின் எஸ்டிடி கோட் 044-ஐ அடித்துப் பாருங்கள், 44 என்று ஆக்கிவிடும். கணக்குக்கு அது சரி, போன் போடத்தான் முடியாது. 'பின்' செய்ததும் அதேதான். அதனிடம் எண்ணைக் கொடுத்தான், அது எண்ணைச் சுருக்கமாக எழுதித் தந்தது. எழுத்து என்பது அதற்குத் தெரியாது. ஓர் எழுத்து எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று சொல்வதற்கு அந்த முன் பூஜ்ஜியங்களைத் தவிர வேறு ஆள் இல்லை, அவற்றை அவன் சேர்க்கவே இல்லை.

கம்ப்யூட்டர் வருவதற்கு முந்நூறு வருடம் முன்பே இதைப் புரிந்துகொண்ட ஆள் இருந்தார். இங்கிலாந்தின் ஃபிரான்சிஸ் பேக்கன், 1623-இல் வெளியிட்ட புத்தகத்தில், ஏ, பி என்ற இரண்டே குறிகளால் எல்லா எழுத்தையும் எழுதும் ரகசிய முறையை விவரித்தார். எந்த எழுத்தானாலும் ஐந்து குறி, கூடவும் கூடாது குறையவும் கூடாது. முதல் எழுத்துக்கு ஐந்தும் ஏ. 'எல்லாம் ஒன்றுதானே, வெட்டிவிடலாம்' என்று நினைத்திருந்தால் அந்த எழுத்தே காணாமல் போயிருக்கும். 1874-இல் பிரான்சின் போடோ தந்திக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியபோதும் எழுத்துக்கு ஐந்து குறிதான். மோர்ஸ் தந்தியில் எழுத்துக்கு எழுத்து நீளம் மாறும், இ-க்கு ஒரு புள்ளி, டி-க்கு ஒரு கோடு. ஆனால் அங்கே எழுத்துக்கு நடுவில் ஒரு சின்ன மௌனம் விடுவார்கள். அந்த மௌனம் மூன்றாவது குறி. நீளமும் மாறி, மௌனமும் இல்லாமல் கண்டபடி எழுதிவிட்டு மற்றவர்களைப் படிக்கச் சொன்னது உலகத்திலேயே அந்த ட்ரெஷர் ஹன்ட் மட்டுமாகத்தான் இருக்கும் :-)

ரெஜிஸ்ட்ரேஷன் ஃபார்மில் நம்பர் இருந்தது. மணி பத்தரை. போன் போடலாமா வேண்டாமா என்று ஒரு கால் மணி நேரம். பரிசு கொடுத்தாகிவிட்டது, போட்டோ எடுத்தாகிவிட்டது, யாரும் கேட்கப்போவதில்லை. கடைசியில் போட்டான்.

"அக்கா, காலைல ட்ரெஷர் ஹன்ட் நடத்தினது நான்தான். அந்த மூணாவது க்ளூ..."

"இடைவெளிக்கு ஆறு இலக்கம். பஸ்ல கண்டுபிடிச்சிட்டோம்" என்றாள். கோபமாகச் சொன்ன மாதிரி இல்லை. அது இன்னும் கஷ்டமாக இருந்தது. "62-ன்னு சொன்னேனே தம்பி, அப்ப எண்ணிப் பாத்திருக்கலாம்ல?"

அவன் ஸாரி சொன்னான். அவள், "போன்ல சொல்றது இருக்கட்டும். சரியான ப்ரோக்ராம் ஒண்ணு எழுதி அதுல அனுப்புங்க. அவளும் பாக்கணும்" என்று வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி அவன் இரண்டாவது முறை உட்கார்ந்தான். நெட்டில் தேடினால் இதற்கு நூறு வழி கிடைக்கிறது. பாதி பழசு. 2020 ஜனவரியோடு ஆதரவு நின்றுபோன பைத்தான் 2-க்காக எழுதியது, இன்றைக்குப் போட்டால் எர்ரர்தான் வரும். இன்னொரு கூட்டம் '0பி'-யில் இருக்கும் பி-யை மட்டும் நீக்கிவிட்டு 0-வை விட்டுவைக்கச் சொல்கிறது. ஏழோடு ஒன்று சேர்ந்து எட்டு இலக்கம், பார்க்க அழகாக இருக்கும். இடைவெளி வந்தால் அங்கே ஏழு. பழைய நோய்தான், புதுச் சட்டை போட்டு வந்திருக்கிறது. நேர்வழி வேறு: 'ஃபார்மட்' என்பதிடம் எண்ணையும் '08பி' என்ற குறிப்பையும் கொடுத்தால், எட்டு இலக்கத்துக்குக் குறையாமல் முன்னால் பூஜ்ஜியம் நிரப்பித் தரும். இடைவெளி 00100000 ஆகும். மெயின் கேட் 72 இலக்கம். எட்டு எட்டாக நறுக்கினால் மெயின் கேட்டேதான்.

போட்டுப் பார்த்தான், வந்தது. நிம்மதி. 'மன்னிக்கவும் அக்கா' என்று தமிழில் அடித்து, மாற்றி, அனுப்பிவிட்டான்.

ஐந்து நிமிடத்தில் பதில்: "212. எட்டால வகுபடல தம்பி."

கொஞ்சம் மேலே பார்க்கவும். 'எட்டுக்குக் குறையாமல்' என்பதுதான் அந்தக் குறிப்புக்கு அர்த்தம். எட்டைத் தாண்டினால் அது வெட்டாது (வெட்டினால் அதைவிட மோசம்). ஆஸ்கியில் தமிழ் கிடையாது. யூனிகோடு பட்டியலில் தமிழுக்கான இடம் 2944-இலிருந்து 3071 வரை, அ-வின் எண் 2949. பைனரியில் 101110000101, பன்னிரண்டு இலக்கம். தமிழ் வரிசையில் எந்த எழுத்தை எடுத்தாலும் சரியாகப் பன்னிரண்டுதான். அதாவது, வெறும் தமிழ் எழுத்தாகப் போட்டுச் சோதித்தால் 'எழுத்துக்கு 12' என்று இன்னொருவன் இன்னொரு தாளில் தடித்த எழுத்தில் அடித்துவிடுவான், நடுவில் இடைவெளி வரும்வரை. அதே வலை, அளவு மட்டும் பெரியது.

எல்லாவற்றுக்கும் பெரிதாக ஓர் அளவு வைத்துவிடலாமே என்று தோன்றும். வைக்கலாம். சிரித்த முகம் எமோஜி ஒன்றுக்கே பதினேழு இலக்கம் வேண்டும், அதற்காக ஒவ்வொரு கமாவுக்கும் முன்னால் ஒரு மூட்டை பூஜ்ஜியம் கட்ட வேண்டியிருக்கும். உலகம் வேறு வழியில் போயிற்று. 1992 செப்டம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கென் தாம்சனும் ராப் பைக்கும் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் போட்ட திட்டம்தான் யூடிஎஃப்-8. எண்ணை அப்படியே எழுதாமல் எட்டு எட்டு இலக்கப் பெட்டிகளில் பிரித்து வைப்பார்கள். ஒவ்வொரு பெட்டியின் தலையிலும் அது யார் என்று எழுதியிருக்கும். 0 என்று தொடங்கினால் ஒற்றைப் பெட்டி, பழைய ஆஸ்கி எழுத்து. 1110 என்று தொடங்கினால் 'நான் முதல் பெட்டி, என்னோடு சேர்த்து மூன்று பேர்'. 10 என்று தொடங்கினால் 'நான் நடுவில் வருகிறவன், என்னில் தொடங்காதே'. அ-வை எழுதினால் 11100000 10101110 10000101. தலைப்புகளை எடுத்துவிட்டு மிச்சத்தை ஒட்டினால் அதே 2949 கிடைக்கும். மெயின் கேட்டில் நடந்த மாதிரி தலைமாறாட்டம் இங்கே நடந்தால், பெரும்பாலும் நடுப்பெட்டி முன்னால் வந்து நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

பைத்தானில் இதற்கு அவன் செய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு மாற்றம். எழுத்தை நேராக எண்ணாக்காமல், முதலில் 'என்கோட்' என்று சொல்லி யூடிஎஃப்-8 பெட்டிகளாக்கு. பெட்டி எதுவானாலும் 0-விலிருந்து 255-க்குள்தான், '08பி' அதற்கு அளவெடுத்துத் தைத்தது. திரும்பும்போது எட்டு எட்டாக நறுக்கு, எண்ணாக்கு, 'பைட்ஸ்' என்பதில் அடுக்கு, 'டீகோட்' செய். ஆர்ட்டும் சிஎச்ஆரும் இதில் எங்குமே இல்லை.

கூடவே, நறுக்குவதற்கு முன் எட்டால் வகுபடுகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் கத்திவிட்டு நிற்கும்படி ஒரு வரி சேர்த்தான். அந்த வரி பைத்தான் புத்தகத்திலிருந்து வந்ததில்லை.

பிறகு திருப்பிப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தான். மாற்றியதைத் திருப்பினால் கொடுத்ததே வருகிறதா என்ற ஒரே கேள்வி. வெறும் இடைவெளி, வெறும் எண், புதுவரி, ஒன்றுமே இல்லாத காலிச் சரம், எமோஜி, 'தமிழ்'. நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடுக்கு ஐந்து (இகரக் கொக்கியும் புள்ளியும் தனித்தனி ஆள்), யூடிஎஃப்-8-இல் 15 பெட்டி, 120 இலக்கம். எல்லாம் திரும்பி வந்தன. ஒரு கூத்தும் கிடைத்தது. 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: க-வோடு ஒரே குறியாக ஒகரத்தைச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் காலையும் தனித்தனியாகப் போடலாம். ஸ்கிரீனில் இரண்டும் ஒன்று. பைனரியில் ஒன்று 48 இலக்கம், மற்றது 72. எந்தக் கொ-வைக் கொடுத்தாலும் அந்தக் கொ-வே திரும்புகிறது. ஆனால் ஒருவர் அடித்த விடையை இன்னொருவர் அடித்ததோடு ஒப்பிட வேண்டியிருந்தால் முதலில் இரண்டையும் 'நார்மலைஸ்' செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். தமிழில் ட்ரெஷர் ஹன்ட் நடத்த நினைப்பவர்கள் கவனிக்க.

இரண்டரை மணிக்கு 416 இலக்கம் அனுப்பினான். அந்த நேரத்தில் அவர்கள் முழித்திருக்கவில்லை. காலையில் பதில் வந்திருந்தது, 72 இலக்கம். மெயின் கேட்டுக்கும் அதே 72 என்பதால் ஒரு நிமிடம் பயந்துவிட்டான். ப்ரோக்ராமில் போட்டான். 'சரி' என்று வந்தது. பக்கத்தில் ப்ரோக்ராம் தேவைப்படாத மொழியில் இன்னொரு வரி: "சர்டிஃபிகேட்?"

அதற்கு மூன்றாம் வருடத்து அண்ணன்களிடம் போய் நிற்க வேண்டியிருந்தது. "விடுடா, யாருக்குத் தெரியும்" என்றார்கள். அவன் தாளை வைத்து ஏழு ஏழாகக் கோடு போட்டுக் காட்டினான். ஏஓசி வந்ததும் சிரித்தார்கள், அப்புறம் எச்.ஓ.டி. அறைக்குக் கூட வந்தார்கள். அவர் 62-ஐ எண்ணிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஓடி ஜெயித்தவர்களிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை, முதல் பரிசு இரண்டு டீமுக்கு என்று ஆனது. பரிசுப் பணத்துக்கு அசோசியேஷன் கணக்கில் வழியில்லை, நடத்தியவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டார்கள். கூரியரில் அனுப்பும்போது கவரின் மேல் பின்கோடை இரண்டு முறை எண்ணிப் பார்த்தான். ஆறு இலக்கம், அங்கே ஆறுதான் சரி.